கோட்டைக் கதவுக்கு ஓர் ஆள்

கோட்டைக் கதவைக் காக்க எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டில் ஓர் ஆள் சோபாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் கணவர். அவரைப் பிடித்துப் போட்டேன். இதில் பெரிய திட்டம் ஏதோ இருந்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். திட்டம் போட்டுக் காரியம் செய்கிற ஆளாக இருந்திருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன்.

கோட்டை என்றால் நிஜக் கோட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் ஆடுகிற ஒரு கதையாட்டத்தில் வருவது. வாயால் சொல்லிச் சொல்லியே ஆட வேண்டும். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தர் மட்டும் கதையை நடத்துவார். எங்கள் வீட்டில் நடத்துவது நான். "மலையடிவாரத்தில் ஒரு பூதம் நிற்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்பேன். ஒருத்தர் வெட்டுவேன் என்பார், ஒருத்தர் ஓடுவேன் என்பார். அது பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். எங்கள் மகள் கோயம்புத்தூர்க் காலேஜில் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்குப் பழக்கிவிட்டாள். அவள் அங்கே ஹாஸ்டலில் ஆடுகிறாள், நாங்கள் இங்கே ஆடுகிறோம்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். ஒருத்தன் என் தம்பி. பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான்; ஆட்டத்தில் திருடன். பூட்டு திறப்பது, சுவர் ஏறுவது எல்லாம் அவன் இலாகா. இரண்டாவது, பக்கத்து வீட்டு டீச்சர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டக்கூட மாட்டார். இங்கே வந்து உட்கார்ந்தால் கோடரி தூக்கிய வீராங்கனை, எதிரே வருகிறவன் கழுத்தைப் பார்த்துத்தான் பேச்சே. மூன்றாவது, என் ஆபீசில் எனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண். கணியூர்க்காரி, இங்கே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், ஆட்டத்தில் மந்திரக்காரி. முதலில் வந்தது என் குழம்புக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். இப்போது விதிகளைப் பிடித்துக்கொண்டு அவள்தான் எல்லாரிடமும் சண்டை போடுகிறாள்.

நான் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையருக்கும் இங்கே துணி தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். வாரத்தில் ஒரு மத்தியானமாவது உலகம் நான் சொன்னபடி நடக்கட்டுமே என்றுதான் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். கட்டிங் டேபிளில் விரிக்கிற நீளப் பேப்பரின் பின்பக்கம்தான் எங்கள் வரைபடம். மிச்சமான பட்டன்கள்தான் அரக்கர்கள்.

வேடம் போட்டவர்களைத் தவிர அந்த உலகத்தில் மற்ற அத்தனை பேரும் என் பொறுப்பு. ராஜா, ராஜாவின் மாமியார், டீக்கடைக்காரர், கிணற்றுப் பேய் எல்லாருக்கும் நான்தான் பேச வேண்டும். என்பிசி என்று இவர்களுக்குப் பெயர். எங்கள் மேஜையில் ‘ஊர்க்காரங்க’ என்போம். ஊர்க்காரர் ஒருவரை உண்டாக்க மூன்று விஷயம் தெரிந்தால் போதும் என்று மகள் சொல்லியிருந்தாள். அவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார், எப்படிப் பேசுவார். மூன்றையும் முடிவு செய்துவிட்டால் மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும். ஆனால் என் வாய் ஒரே வாய். உங்கள் ராஜாவும் உங்கள் பேயும் ஒரே மாதிரி அதட்டுகிறார்கள் என்று டீச்சர் ஒருநாள் மெதுவாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் கதவுக்காரருக்கு வேறு ஒரு குரல் தேடினேன்.

கதை இதுதான். ஒரு மந்திரவாதி ஓர் ஆற்றையே சுருட்டிக் குடுவைக்குள் அடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாயக் கழிவில் ஆறு காணாமல் போவது இந்த ஊரில் இருக்கிற எங்களுக்குப் புதிய விஷயம் இல்லை, அதனால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அவன் ஒளிந்திருக்கும் ஊருக்கு ஒரே வழி, ஒரு கோட்டைக் கதவு. அந்தக் கதவில் நிற்கிறவர் இவர்களை உள்ளே விடக் கூடாது. விடாமல் இருந்தால்தான் இவர்கள் காடு மேடெல்லாம் சுற்றி ராஜ முத்திரை வாங்கி வருவார்கள், எனக்கும் பல வாரத்துக்குக் கதை ஓடும். என் கணவரிடம், "நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானுங்க. முடியாதுன்னு சொல்லோணும். வேற எதுவுமே வேண்டாம்" என்றேன்.

இதை நான் யாரிடம் சொன்னேன் என்பதைச் சொன்னால்தான் நான் செய்த காரியத்தின் லட்சணம் புரியும்.

அவருக்கு வீரபாண்டியில் ஒரு காம்பாக்டிங் யூனிட் இருக்கிறது. சாயம் போட்டு வந்த பனியன் துணியை அப்படியே தைத்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும். அதை நீராவி காட்டி அழுத்தி, அகலம் சரிபண்ணிக் கொடுக்கிற கூலி வேலை. துணி இவர் கைக்கு வருவதற்குள் இவருக்கு முன்னால் இருக்கிற எல்லாரும் தாமதம் செய்து முடித்திருப்பார்கள். நூல் தாமதம், நிட்டிங் தாமதம், சாயம் தாமதம். கப்பல் தேதி மட்டும் நகராது. அத்தனை பேரும் விட்ட நேரத்தை இவர்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். துணி கொடுத்த பார்ட்டி போன் செய்து, "என்னங்க, இன்னைக்குள்ள ஆயிருமுங்களா?" என்று கேட்பார். இவர், "அனுப்பி வையுங்க, பாத்துக்கலாமுங்க" என்பார். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு மறுநாள் போனை எடுக்காமல் இருப்பார்கள். என் கணவர் ஒருவர்தான் சொன்னதோடு நிற்காமல் போய் மிஷின் பக்கத்திலேயே நின்றுவிடுவார். ஆள் இருக்கிறது, சூப்பர்வைசர் இருக்கிறார், ஷிப்டு இருக்கிறது. இருந்தும், "ஓனர் நின்னாத்தானுங்க எங்களுக்கு நம்பிக்கை" என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போன வருடம் நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். இவரிடம் சொல்லிப் புண்ணியமில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ராத்திரி வேலை கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு, மாத்திரையைவிடத் தூக்கம் முக்கியம் என்றார். அடுத்த தடவை இதுபோல நேரத்துக்கு ஆஸ்பத்திரி வந்து சேர முடியாமல் போகலாம் என்றும் சொன்னார். வார்டுக்கு வந்து இவரிடமும் ஒரு தடவை எல்லாவற்றையும் சொன்னார். இவர் கட்டிலில் படுத்தபடி கையைக் கூப்பி, "பாத்துக்கலாமுங்க டாக்டர்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரை நாலு சாத்து சாத்த வேண்டும்போல இருந்தது. அழுகையும் வந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தார். பிறகு பழையபடி ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மேஜையைச் சுற்றி அரக்கனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். "செத்த நேரத்துல வந்தர்றேன்" என்று கிளம்புவார். டீச்சர் தலையைக் குனிந்துகொள்வார். நான் கத்துவேன். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்பும் வரைக்கும் காது அங்கேயே இருக்கும். கதவுக்காரராக உட்கார வைத்தால் ஒரு மத்தியானமாவது நகராமல் இருப்பார் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அதைத் திட்டம் என்று சொல்வதாக இருந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் ஞாயிறு. மூன்று பேரும் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள். நான் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்க, வாங்க" என்றார். "ரொம்பத் தூரத்துல இருந்து வர்றீங்களாட்ட இருக்குது. தண்ணி குடிக்கிறீங்களா?"

கணியூர்க்காரி என்னைப் பார்த்தாள். நான் அவரை முறைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாங்க உள்ள போகோணுமுங்க" என்றார் டீச்சர், கோடரியை மறைத்துக்கொண்டு பேசும் குரலில்.

"அதுக்கென்னங்க, போலாம். சோறு உண்டாச்சுங்களா?"

அவ்வளவுதான். கதவு திறந்துவிட்டது. குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார். மந்திரவாதியின் வீடு எந்தத் தெரு என்று என் தம்பி கேட்டதற்கு, வலது பக்கம் மூன்றாவது சந்து என்று தானாகவே ஒரு விலாசத்தை உண்டாக்கிச் சொன்னார். நான் பல ராத்திரி யோசித்து வைத்திருந்த காடும் மலையும் ராஜ முத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரில் போய்விட்டன. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏனுங்க, உங்களை முடியாதுன்னு தானுங்களே சொல்லச் சொன்னேன்?" என்றேன்.

"ஊட்டுக்கு வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சு முடியாதுன்னு எப்படிச் சொல்றது அம்மிணி?" என்றார். நிஜமாகவே சங்கடப்பட்டுக்கொண்டுதான் கேட்டார். அன்றைக்குப் போன் அடிக்கவில்லை என்பது ஒன்றுதான் லாபம்.

உள்ளே இன்னொரு கதவு இருக்கிறது என்று சொல்லிக் கதையைக் காப்பாற்றினேன். அந்த அதிகாரம்கூட இல்லாவிட்டால் கதை நடத்தி என்ன பிரயோஜனம்? அதற்கும் அதே கதவுக்காரர்தான் என்றேன். கணியூர்க்காரி மட்டும், "ஏனுங்கக்கா, ஒரே ஆளு ரெண்டு கதவுலயும் எப்படீங்க நிப்பாரு?" என்று சட்டம் பேசினாள். "நிப்பாரு. எனக்குத் தெரிஞ்சு ஒரு ஆளு நிக்கிறாரு" என்று சொல்லி அவளை அடக்கினேன்.

அடுத்த ஞாயிறு அவர் தயாராக வந்தார். இந்தத் தடவை தண்ணீர் கொடுத்துவிட்டு, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "கதவு ரிப்பேருங்க. கீலு துருப்புடிச்சுப் போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தொழிலில் முடியாது என்பதற்கு இருக்கிற ஒரே மரியாதையான வழி அது. மிஷின் ரிப்பேர், கரண்ட் இல்லை, பாய்லரில் பிரஷர் ஏறவில்லை. இவர்கூட எப்போதாவது ஒரு லாட் துணியை மறுநாளைக்குத் தள்ளியிருக்கிறார் என்றால் அது மிஷினுக்காகத்தான் இருக்கும். மிஷின் சூடாகிவிட்டது, ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பார்ட்டியிடம் வாய் கூசாமல் சொல்வார். தனக்காகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் ரிப்பேர் என்று சொன்னால் எதிரே இருப்பவர் சரிசெய்து கொடுத்துவிடுவார். அதுதான் அதில் இருக்கிற தொல்லை. கரண்ட் இல்லை என்றால் ஜெனரேட்டர் அனுப்புகிறேன் என்பார்கள், ஆள் இல்லை என்றால் ஆள் அனுப்புகிறேன் என்பார்கள். என் தம்பியும் அதைத்தான் செய்தான். "மாமா, எங்கிட்ட எண்ணெய் இருக்குது. நான் கீல சரிபண்ணித் தர்றேன்" என்று பகடையை உருட்டினான். பத்தொன்பது விழுந்தது. கீல் சரியாகிவிட்டது. என் கணவர் பாவம், ஒரு நிமிடம் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு, "அப்ப வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். அன்றைக்குப் போனும் வந்தது. ஆட்டம் முடிவதற்குள் கிளம்பிப் போனவர் பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. பயம்தான் இருந்தது. நான் இல்லாத நேரத்தில், அந்த நீராவிக்கு நடுவில், இவர் சரிந்து விழுந்து கிடக்கிற மாதிரி ஒரு காட்சி எனக்கு அடிக்கடி வரும். அன்றைக்கும் வந்தது.

அந்த வாரம் ஒருநாள் காலையில், காப்பி குடிக்கும்போது, அவராகவே கேட்டார்.

"அம்மிணி, அந்தக் கதவுக்கார ஆளு. அவனுக்கு ரிலீவருக்கு யாரு வருவாங்க?"

எனக்குப் புரியவில்லை. "யாரும் வரமாட்டாங்க. ஒரே ஆளுதான்" என்றேன்.

"ஷிப்டு மாத்த ஆளே இல்லையா?"

"இல்லீங்க. அது கதை. கதையில எல்லாம் ஷிப்டு கெடையாது."

"அப்ப அந்தாளு எப்பத்தான் தூங்குவான்?"

குரலில் நிஜமான கோபம் இருந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வர்றவன் போறவனுக்கெல்லாம் கதவத் தொறந்துட்டே இருந்தா ஒரு மனுசன் என்னத்துக்கு ஆவான்? அந்த ராசாவுக்கு இது கூடவா தெரியாது? இன்னொரு ஆளப் போட வேண்டாமா? அநியாயமா இருக்குது" என்று ராஜாவைத் திட்டினார். ராஜாவை உண்டாக்கியது நான் என்பதால் எனக்கும் அதில் பங்கு உண்டு.

சிரிக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. இந்த மனுஷனுக்குத் தூக்கத்தைப் பற்றிக் கவலை வந்து நான் பார்த்ததே இல்லை. இல்லாத ஓர் ஆளுக்காக வந்திருக்கிறது. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அவர்மேல் அடக்க முடியாத பிரியமாகவும் இருந்தது. "சரி, நீங்களே அந்தாள உண்டாக்குங்க. எனக்கு மூணு பதில் சொல்லுங்க போதும். அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"தூக்கம்" என்றார் உடனே.

"எதுக்குப் பயப்படறாரு?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவ முடியாதுன்னு சொல்லீட்டா, அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாங்க. வேற கதவுக்குப் போயிருவாங்க. ‘அவங்கிட்டப் போயிராதீங்க, வேலைக்காகாது’ன்னு நாலு பேத்துகிட்டச் சொல்லுவாங்க. அதுக்குத்தான் பயம்" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கத்தியும் அழுதும் பேசாமல் இருந்தும் பார்த்திருக்கிறேன். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், "போகாம எப்படி?" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. இப்போது யாரோ ஒரு கதவுக்காரனுக்காக முழுசாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. எப்படிப் பேசுவார் என்பது எனக்குத் தெரிந்ததுதானே.

அந்த ஞாயிறு மூன்றாவது கதவு. "இந்த ஊர்ல கதவத் தவிர வேற ஒண்ணுமே இல்லீங்களாக்கா?" என்று கணியூர்க்காரி சலித்துக்கொண்டாள். காலையில் வேறு ஒரு பார்ட்டி போனில் லாட் வருவதாகச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். அவர் வழக்கம்போல, "அனுப்பி வையுங்க, பாத்துக்கலாமுங்க" என்று சொல்லியிருந்தார். அதனால் எனக்கு ஆட்டத்தில் மனம் இல்லை. கடனே என்று கதவு வரைக்கும் கதையைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அவர் தண்ணீர் கொடுத்தார். அதை விடமாட்டார். சோறு உண்டாச்சா என்றும் கேட்டார். என் தம்பி, "கதவத் தொறங்க மாமா" என்றான்.

"இல்லீங்க சாமி. இப்பத் தொறக்கறதில்லீங்க."

"கீலு ரிப்பேருங்களா?"

"கீலெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது." நிறுத்தினார். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் தூங்கோணுமுங்க. ரொம்ப நாளாத் தூங்கலீங்க. விடிஞ்சா வாங்க, தொறந்து உடறேன்."

என் தம்பி பகடையைக் கையில் எடுத்தான். உருட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. கீலுக்கு எண்ணெய் போடலாம், ஒருத்தருக்குப் பதிலாக இன்னொருத்தர் தூங்க முடியாது. கணியூர்க்காரி தூக்க மந்திரம் போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். "வேண்டாங்கண்ணு, படுத்தா வந்துரும்" என்றார் அவர்.

டீச்சர்தான் முடிவு செய்தார். "அப்ப அண்ணா தூங்கட்டும். நாம இங்கயே கூடாரம் போட்டுக்கலாம். யாரு வந்தாலும் நாம சொல்லிக்கலாம். நான் கதவுல நிக்கிறேன்" என்றார். கோடரியை ஊன்றிக்கொண்டு நிற்பதுபோலக் கையை வைத்துக் காட்டினார். என் தம்பி சுவர்மேல் ஏறிக் காவல் இருப்பதாகச் சொன்னான். ஆற்றை மீட்க வந்த வீரர்கள் அத்தனை பேரும் ஒரு காவல்காரனின் தூக்கத்துக்குக் காவல் நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் வரைபடத்தைச் சுருட்டினேன்.

அப்போதுதான் போன் அடித்தது, காலையில் பேசிய அதே பார்ட்டி. மிஷின் சத்தத்தில் நின்று நின்று அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை எப்போதும் உச்சத்தில்தான் வைத்திருப்பார், எதிர்முனைப் பேச்சு கூடம் முழுக்கக் கேட்கும்.

"லாட்டு வந்து எறங்கிருச்சுங்க. நீங்க எப்பங்க வர்றீங்க? பொழுதோட முடிச்சுக் குடுத்தாத் தேவலைங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்து விடுவது எனக்குக் கேட்டது.

"இன்னைக்கு வர முடியாதுங்க" என்றார்.

"ஏனுங்க, மிஷினு ஏதாச்சும்?"

"மிஷினு நல்லா இருக்குதுங்க. எனக்குத்தான் ஒடம்பு கேக்கல. தூங்கோணுமுங்க."

"அப்படீங்களா. சரீங்க, அப்ப நாளைக்குக் காத்தால போட்டுக்கலாம். ஒடம்பப் பாத்துக்குங்க."

போன் நின்றுவிட்டது. என் தம்பி, "மாமோவ்!" என்று கத்தினான். கணியூர்க்காரி கைதட்டினாள். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே இத்தனை வருடம் நான் தொண்டை வற்றக் கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதானுங்க" என்றேன்.

"நாளைக்குப் போட்டுக்கலாங்கறான். ஒண்ணுமே சொல்லல. ஒடம்பப் பாத்துக்கச் சொல்றான்." அவர் முகம் மாறிக்கொண்டே போனது. எதையோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"பாப்பா பொறந்த அன்னைக்கு நான் மிஷின்ல நின்னுட்டிருந்தேன். ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு, நீ கண்ணத் தொறக்காமப் படுத்திருந்த. அன்னைக்கும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்டிருப்பாங்களா அம்மிணி?"

டீச்சர் சத்தமில்லாமல் பட்டன்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். என் மகளுக்கு என்ன வயதோ அத்தனை வயது இந்தக் கேள்விக்கான என் பதிலுக்கும். விட்டிருப்பார்கள், நீங்கள் கேட்கவில்லை என்பதுதான் அது. ஒவ்வொரு சண்டையிலும் நாக்கு நுனி வரைக்கும் வரும். சொல்கிற நாளுக்காக அதைக் கூர் தீட்டியே வைத்திருந்தேன். அந்த நாள் வந்து, அவரே எதிரில் உட்கார்ந்து கேட்கிறார்.

"இல்லீங்க" என்றேன். "அன்னைக்கு உட்டிருக்க மாட்டாங்க. அது கப்பலுக்குப் போற கடைசி லாட்டு."

அது கடைசி லாட்டா, முதல் லாட்டா என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா, அன்னைக்கு உட்டிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.